ஏழாம் தேதி கொடுத்தவர்

மந்தைவெளியில் ஒரு மொட்டை மாடி அறை. ஓட்டுக்கூரை, ஒரு ஜன்னல், பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர். என் முதல் வேலைக் காலத்தில் அங்கேதான் குடியிருந்தேன். வேலை, ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் திருத்துவது. அங்கே எல்லாம் சரியாக இருக்கும், சம்பளத் தேதியைத் தவிர.

மாதம் பிறந்து ஐந்து தேதி போகும். பத்து போகும். கணக்கர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். சில மாதங்களில் இருபதாம் தேதிகூட ஆகியிருக்கிறது. வீட்டுக்கார மாமி தங்கமானவர்தான். ஆனாலும் எட்டாம் தேதி தாண்டினால் மாடிப்படிக்குக் கீழே நின்று, 'என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா, ஆளையே காணோமே?' என்று விசாரிப்பார். விசாரிப்பது என் உடம்பை அல்ல என்று இரண்டு பேருக்குமே தெரியும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியேறிய ராத்திரிகள் உண்டு.

அச்சகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கம்பாசிட்டர். ஈய எழுத்துக் கோத்துக் கோத்து விரல் நுனியெல்லாம் கறுத்துப் போனவர். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'தம்பி, ஏழாம் தேதிக்குள்ள சம்பளம் குடுக்கணும்னு வெள்ளைக்காரன் காலத்துலயே சட்டம் போட்டாச்சு. நம்ம மொதலாளி இன்னும் படிக்கலை.'

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசனை வந்தது. அதென்ன கணக்கு, ஏழாம் தேதி? ஐந்தாக இருக்கக்கூடாதா? பதினைந்தாக இருக்கக்கூடாதா? யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்?

தேடிக்கொண்டு போனால், இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் என்கிற ஆலை நகரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

ஜான் ஹென்றி விட்லி. 1866இல் பிறந்தவர். குடும்பத் தொழில் பருத்தி நூற்பு. அதாவது, முதலாளி வீட்டுப் பிள்ளை. 1900இல் லிபரல் கட்சி சார்பில் அதே ஹாலிஃபாக்ஸில் நின்று ஜெயித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். 28 வருஷம் அங்கேயே இருந்தார். அதில் கடைசி ஏழு வருஷம், 1921இல் இருந்து 1928 வரை, சபாநாயகர்.

சபாநாயகராக இருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு பிரபுப் பட்டம் கொடுத்து மேல்சபைக்கு அனுப்பி வைப்பது அங்கே சம்பிரதாயம். விட்லிக்கும் கொடுத்தார்கள். மனிதர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சபாநாயகரானதோ பிரபுப் பட்டத்தைத் தள்ளியதோ அல்ல, அவர் பெயரைச் சரித்திரத்தில் நிறுத்தியது. முதல் உலகப்போர் சமயத்தில் எழுதிய ஓர் அறிக்கைதான் நிறுத்தியது.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டனுக்கு இன்னொரு கவலை. போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் திரும்பி வருவார்கள். ஆலைகளில் வேலை கேட்பார்கள். விலைவாசி ஏறிக்கிடக்கிறது. தொழிலாளியும் முதலாளியும் இப்போதே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டை முடிந்து வந்து இன்னொரு சண்டையா?

ஒரு குழு போட்டார்கள். தலைவர், விட்லி. அந்தக் குழு 1917இல் சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது. வேலைநிறுத்தம் வந்தபிறகு பேச்சுவார்த்தை நடத்தாதீர்கள். வருவதற்கு முன்னாலேயே பேசுங்கள். ஒவ்வொரு தொழிலிலும் முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அடிக்கடி பேச ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும். கூலி மட்டுமில்லை, வேலை நேரம், பாதுகாப்பு, பயிற்சி எல்லாமே அங்கே பேசப்பட வேண்டும்.

இதற்குத்தான் 'விட்லி கவுன்சில்' என்று பெயர் வந்தது. பெரிய தொழில்களில் இது எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டது என்று சொல்லமுடியாது. ஆனால் அரசாங்க ஆபீஸ்களில் வேர் விட்டுவிட்டது. அந்த வேர் நம் ஊர் வரைக்கும் ஓடி வந்திருக்கிறது. 1960இல் மத்திய அரசு ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்களே, அதற்குப் பிறகு 1966இல் கூட்டு ஆலோசனை அமைப்பு ஒன்றை இந்திய அரசாங்கம் ஏற்படுத்தியது. ஜே.சி.எம். என்பார்கள். மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு ரிட்டயர்டு ஏ.ஜி. ஆபீஸ்காரர் மீதுதான் விழ வேண்டும். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஜே.சி.எம். என்றால் என்ன என்று வகுப்பே எடுப்பார்கள். அதன் அச்சு, விட்லி கவுன்சில்தான்.

சரி, அவர் இந்தியாவுக்கு எப்படி வந்தார்?

1920களின் கடைசி இந்தியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1928இல் பம்பாய் மில்களில் ஆறு மாத வேலைநிறுத்தம். அதே வருஷம் ஜூலையில் தென்னிந்திய ரயில்வே ஸ்டிரைக். அதில்தான் நம் சிங்காரவேலர் கைதாகி சிறைத் தண்டனை பெற்றார். 1929 மார்ச்சில் மீரட் சதி வழக்கு. நாடு முழுக்கத் தொழிற்சங்கத் தலைவர்களாகப் பார்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஏப்ரலில் தொழில் தகராறு மசோதாவும் பொதுப் பாதுகாப்பு மசோதாவும் பேசப்பட்டுக்கொண்டிருந்த நாளில்தான் பகத் சிங் டெல்லி சட்டசபைக்குள் குண்டு வீசினார்.

லண்டனில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. ராம்சே மெக்டொனால்டு பிரதமர். 1929 ஜூலையில் 'இந்தியத் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன்' நியமனமானது. தலைவர் யார்? ஆளுக்கு ஆள் சொன்ன ஒரே பெயர், தொழிலாளி-முதலாளி விவகாரம் என்றாலே நினைவுக்கு வருகிற பெயர். விட்லி.

கமிஷன் என்றாலே இந்தியாவில் அப்போது அலர்ஜி. முந்தைய வருஷம்தான் சைமனுக்குக் கறுப்புக் கொடி காட்டி முடித்திருந்தார்கள். சைமன் குழுவில் ஓர் இந்தியர்கூடக் கிடையாது. இதில் அந்தத் தப்பு நடக்கவில்லை. தலைவரையும் சேர்த்து 12 பேர். அதில் ஆறு பேர் இந்தியர்கள். முதலாளிகள் பக்கம் ஜி.டி. பிர்லா உண்டு. தொழிலாளர் பக்கம் என்.எம். ஜோஷி, திவான் சமன் லால். பெண் உறுப்பினர் ஒருவர், பெரில் பவர் என்று இங்கிலாந்தில் இருந்து வந்தவர்.

நமக்கு முக்கியமான பெயர் இன்னொன்று. வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி.

வலங்கைமானில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். கோகலேவுக்குப் பிறகு இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். அவருடைய இங்கிலீஷைக் கேட்டு இங்கிலீஷ்காரர்களே வாய் பிளந்தார்கள் என்பார்கள். மந்தைவெளியில் இருந்து லஸ் தாண்டி ராயப்பேட்டை ஹைரோடில் போனால் சமஸ்கிருதக் கல்லூரி வரும். 1944இல் சாஸ்திரி அங்கேதான் தம்முடைய புகழ்பெற்ற ராமாயணச் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். மயிலாப்பூரில் அவரை ராமாயணத்துக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். சம்பளத் தேதிக்காக யாரும் நினைவு வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

1929 அக்டோபரில் கமிஷன் வந்து இறங்கியது. மறுவருஷம் மார்ச் வரை ஊர் ஊராகச் சுற்றியது. ஆனால் வரவேற்பு? நாக்பூரில் கூடிய அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், ஜவாஹர்லால் நேரு தலைமையில், கமிஷனைப் புறக்கணிப்பது என்று முடிவு செய்தது. கமிஷனில் உட்கார்ந்திருந்த ஜோஷியும் சமன் லாலும் அதே தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவர்கள். என்ன செய்வார்கள்? வெளியேறினார்கள். கூடவே வி.வி. கிரியும். பிற்பாடு ஜனாதிபதி ஆனாரே, அதே கிரிதான். தொழிற்சங்கக் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதுதான் சங்கடம். ஒரு பக்கம் தொழிலாளர் தலைவர்களை மீரட் சிறையில் அடைத்துவிட்டு, இன்னொரு பக்கம் 'உங்கள் குறை என்ன?' என்று கேட்டு வருகிறவனை எப்படி நம்புவது? அது ஒரு கேள்வி. குறையைப் போய்ச் சொல்லாமல் விட்டால் மேஸ்திரியிடம் மாட்டிக்கொண்டவன் கதி என்ன? இது இன்னொரு கேள்வி.

சென்னைக்கும் கமிஷன் வந்தது. சாட்சியங்கள் தொகுதி தொகுதியாக அச்சானபோது, சென்னை மாகாணத்துக்கும் குடகுக்கும் என்று தனித் தொகுதி போடும் அளவுக்கு இங்கே விஷயம் கிடைத்தது.

சென்னையில் என்ன இருந்தது? பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்கள். 1918 ஏப்ரல் 27இல், அந்த மில் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது. 1920இல் கதவடைப்பு வந்தபோது கம்பெனி நேராக ஹைகோர்ட்டுக்குப் போய் வாடியா மீது வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. கடைசியில் வாடியா சங்கத்தைவிட்டு விலகினால் வழக்கு வாபஸ் என்று சமரசம். அந்த வழக்கு கொடுத்த அதிர்ச்சியில்தான் ஜோஷி டெல்லி சட்டசபையில் குரல் எழுப்பினார். 1926இல் தொழிற்சங்கச் சட்டமே வந்தது. ஆக, சென்னை இந்தக் கதைக்குப் புதுசு இல்லை.

பின்னி மில்லில் பள்ளிக்கூடம் இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் அது வெளிச்சம் விழுந்த பக்கம். விழாத பக்கமும் இருந்தது.

பீடிப் பட்டறைகள். பெற்றோர் ஐந்தோ பத்தோ முன்பணம் வாங்குவார்கள். பதிலுக்குப் பிள்ளையை அடகு வைப்பார்கள். ஆமாம், அண்டா குண்டாவை வைக்கிற மாதிரிதான். கடன் தீரும்வரை பிள்ளையின் உழைப்பு பட்டறைக்காரனுக்குச் சொந்தம். அமிர்தசரஸில் கம்பளப் பட்டறைகளில் இதைப் பார்த்த கமிஷன், ஆமதாபாத்திலும் பார்த்தது. சென்னையிலும் பார்த்தது. பட்டறைகளில் ஐந்து வயதுக் குழந்தைகள்கூட இருந்தார்கள். தினம் 10 மணி நேரம், 12 மணி நேரம். சாப்பாட்டுக்குச் சரியான இடைவேளை கிடையாது, வார லீவு கிடையாது. ரொம்பச் சின்னக் குழந்தைக்குக் கிடைத்த கூலி, இரண்டணா.

அடுத்தது கடன். இந்தியாவின் தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் இருப்பதாகக் கமிஷன் கணக்கிட்டது. பெரும்பாலானவர்களின் கடன் மூன்று மாதச் சம்பளத்தைவிட அதிகம். வட்டி? ரூபாய்க்கு மாதம் ஓரணா என்பது சர்வசாதாரணம். கேட்க என்னமோ சின்னத் தொகைதான். ரூபாய்க்குப் பதினாறு அணா. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம். பெருக்கிப் பாருங்கள், 75 சதவீத வட்டி! சம்பள நாளன்று ஆலை வாசலில் தடியோடு வந்து நிற்கிற பட்டாணியருக்குக் கொடுத்ததுபோக மிச்சம்தான் வீட்டுக்கு.

ஏன் கடன் வாங்கினார்கள்? குடித்தார்கள், கல்யாணம் கருமாதிக்கு வாரி இறைத்தார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதெல்லாம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் இன்னொரு காரணம் கணக்குப் புத்தகத்திலேயே ஒளிந்திருந்தது. ஜனவரி முழுக்க வேலை பார்த்தவனுக்குப் பிப்ரவரி பாதியில்தான் சம்பளம். அதுவரை சாப்பிட வேண்டாமா? கடன்காரன் அந்த இரண்டு வாரச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தான். சம்பளம் முதலாளியின் கையில் தங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் தொழிலாளி வட்டி கட்டினான். இவனுடைய காசுக்கு இவனே வட்டி!

அதற்கு மேல் அபராதம். தாமதமாக வந்தால் அபராதம், நூல் அறுந்தால் அபராதம். எவ்வளவு என்பது மேலே இருப்பவன் மூடைப் பொறுத்தது. வேலைக்குச் சேர்வதற்கே மேஸ்திரிக்கு மாமூல் வேறு.

1931 மார்ச்சில் அறிக்கை தயாரானது. மொத்தம் 357 சிபாரிசுகள். பிள்ளைகளை அடகு வைப்பது செல்லாது என்று சட்டம் வேண்டும். வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியாகக் குறைய வேண்டும். பிரசவ கால உதவி வேண்டும். மேஸ்திரியின் பிடியில் இருந்து ஆளெடுப்பைப் பிடுங்கித் தனி அதிகாரியிடம் தர வேண்டும். சம்பளத்தைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும். அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக்கூடாது. வசூலான அபராதத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும்.

யாராவது படித்தார்களா? ம்ஹூம். நேரமில்லை. அதே மார்ச்சில்தான் காந்தி-இர்வின் ஒப்பந்தம். இருவருக்கும் இடையில் தூது போனவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம் சாஸ்திரியேதான். மாத இறுதியில் பகத் சிங்கைத் தூக்கில் போட்டார்கள். தேசம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்பில் 357 சிபாரிசுகளுக்கு எங்கே இடம்?

ஆனாலும் அவை மெல்ல மெல்ல வேலை செய்தன. 1933இல் பிள்ளைகளை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 15 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது. மீறிய பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம். வாங்கியவனுக்கு 200 ரூபாய் வரை. 1934இல் தொழிற்சாலைச் சட்டம் வந்து வாரத்துக்கு 54 மணி என்றது. அதே சமயத்தில் சென்னை மாகாணம் மகப்பேறு உதவிச் சட்டம் இயற்றியது.

கடைசியாக, 1936இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். இங்கேதான் நம் ஆள் வருகிறார், ஏழாம் தேதி! ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தந்தாக வேண்டும். அதற்கு மேல் ஆட்கள் இருந்தால் கணக்குப் போட நேரமாகும், பத்து நாள். அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் கூடாது. தவணை முறையில் பிடிக்கக்கூடாது. அறுபது நாள் தாண்டிவிட்டால் பிடிக்கவே கூடாது. 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அபராதமே கிடையாது.

1931இல் அறிக்கை. 1936இல் சட்டம். அமலுக்கு வந்தது 1937 மார்ச் 28. சம்பளம் தாமதமாகக் கூடாது என்று சொல்லும் சட்டத்துக்கே ஆறு வருஷத் தாமதம். விட்லி அதைப் பார்க்கவில்லை. இந்தியாவில் இருந்து திரும்பியபின் பி.பி.சி.யின் தலைவராக இருந்த அவர், 1935 பிப்ரவரியில் காலமாகிவிட்டார்.

குறையே இல்லாத அறிக்கையா? நிச்சயமாக இல்லை. வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உலகம் பேச ஆரம்பித்திருந்தபோது இவர்கள் 54இல் நின்றுவிட்டார்கள். 48 வருவதற்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்தது. கமிஷனுக்குக் கொடுத்த எல்லையே ஆலைகளும் சுரங்கங்களும் ரயில்வேயும் தோட்டங்களும்தான். வயலில் குனிந்து நாற்று நட்ட கோடிக்கணக்கானவர்கள் அதில் வரவில்லை. புறக்கணித்தவர்கள் முட்டாள்கள் இல்லை என்பதற்கு இதெல்லாம் சாட்சி. உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் துரோகிகள் இல்லை என்பதற்கு அந்த ஏழாம் தேதி சாட்சி.

பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. 1936ஆம் வருஷச் சட்டமும் ஓய்வு பெற்றுவிட்டது. 2025 நவம்பர் 21இல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தபோது பழைய சட்டத்தின் கதை முடிந்தது. ஆனால் புதுத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் எத்தனை நாளுக்குள் சம்பளம் தர வேண்டும்? ஏழு நாள்தான். சட்டம் போனது, தேதி போகவில்லை.

அந்தக் கம்பாசிட்டர் பெரியவர் சொன்னதைக் கேட்டு நான் முதலாளியிடம் போய்ச் சட்டம் பேசினேனா என்று கேட்காதீர்கள். பேசவில்லை. வேலை போய்விடும் என்று பயம். சட்டம் இருப்பது வேறு, அதைச் சொல்லும் தைரியம் வேறு. அந்தத் தைரியத்துக்குத்தான் சங்கம் என்று பெயர். எங்கள் அச்சகத்தில் அது இல்லை.

மந்தைவெளியில் இப்போதும் காலை ஆறு மணிக்கு வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கப் போகிற பெண்களைப் பார்க்கிறேன். விட்லியும் சாஸ்திரியும் ஆலை வாசல்வரை வந்தார்கள். வீட்டு வாசலுக்கு வரவில்லை. 1936ஆம் வருஷச் சட்டம் இருந்த அத்தனை காலமும் அந்தப் பெண்களை அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிற அம்மாவுக்கு ஒண்ணாம் தேதி காலையிலேயே சம்பளம் கொடுத்துவிடுவது வழக்கம். ஒரு மாதம் ஊருக்குப் போனதில் தப்பிவிட்டது. திரும்பி வந்தது ஒன்பதாம் தேதி. அவர் எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும், 'என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லையா? ஆளையே காணோமே?' என்றார்.

எனக்குச் சட்டென்று மொட்டை மாடிப் படிக்கட்டு ஞாபகம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே ஓடினேன், பணம் எடுத்து வர.